மேனேஜரின் இடது கை

"அந்த மோட்டாரை நிறுத்திடலாம்மா," என்றாள் நர்ஸ். அப்பாவின் வலது கையில் நாடியை இரண்டாவது தடவையும் பார்த்துவிட்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்து விட்டிருந்தாள்.

பெரியவள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டுத் துழாவி, காற்றுப் படுக்கையின் பிளக்கைப் பிடுங்கினாள். படுக்கை வந்த நாளிலிருந்து ஓயாமல் உறுமிக்கொண்டிருந்த மோட்டார் நின்றது. காற்று இறங்க இறங்க, அப்பாவும் அதோடு மெல்லக் கீழே இறங்கினார். வாழ்நாள் முழுக்க ஓர் ஆபீஸ் கட்டடத்தில் லிப்ட் ஓட்டியவர். இப்படி அலுங்காமல் குலுங்காமல் இறங்குவது அவருக்குப் பிடித்துத்தான் இருக்கும் என்று பெரியவளுக்குத் தோன்றியது. அந்தப் படுக்கை தானாக ஏறி இறங்குவதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "பட்டனே அழுத்த வேண்டாம் பாரு," என்பார். நேற்று மாலைகூட நர்ஸிடம், "எந்த மாடிம்மா வேணும்?" என்று கேட்டுச் சிரித்தார். விடிகிற நேரத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார். இழுத்துப் பறித்துக்கொண்டு கிடக்கவில்லை, யாரையும் அலைக்கழிக்கவில்லை.

அவள் அழத்தான் இருந்தாள். ஆனால் அறையில் என்னவோ சரியில்லை. மோட்டார் நின்ற பிறகு வேறு எந்தச் சத்தமும் இல்லை. கட்டிலை ஒட்டி அப்பாவின் பழைய சின்ன பிரிட்ஜ் நின்றது. அது சும்மா இருக்கிற ஜாதி இல்லை. இருமும், நடுங்கும், கடகடவென்று ஆடிவிட்டு ஓயும். அதன் சத்தம் எங்கே?

மறுபடி குனிந்து பார்த்தாள். கட்டிலுக்கு அடியில், தூசி படிந்த தரையில், இன்னொரு பிளக் கிடந்தது.

எல்லாம் ஒரே நொடியில் ஞாபகம் வந்தது. முதுகில் புண் வராமல் இருக்க இந்தப் படுக்கையை வாங்கி வந்த அன்று, பிளக் மாட்ட இடம் தேடிச் சுவரோரம் கையை விட்டது, கையில் அகப்பட்ட ஒன்றைப் பிடுங்கியது, ரேடியோவாக இருக்கும் என்று நினைத்தது. ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் அவள். சாயங்காலம் கடை சாத்தும்போது ஒவ்வொரு மிஷினின் பிளக்கையும் பிடுங்கி வைத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். அந்தக் கை தன் வேலையைத் தானே செய்துவிட்டது. அப்புறம் மோட்டாரின் உறுமல் பிரிட்ஜின் உறுமல் இருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது, யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிரிட்ஜின் உள்விளக்கு என்றைக்கோ போய்விட்டதால், திறந்து பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது.

இப்போது திறந்தாள். மூடி வைத்த டிரங்குப் பெட்டி மாதிரி வெதுவெதுப்பாக மூச்சு விட்டது. உள்ளே தட்டுத் தட்டாக ஜாம் பாட்டில்கள், மாத்திரை டப்பாக்கள், மருந்துக் குப்பிகள். ஒரு பாட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். அவள் கையைவிடச் சூடாக இருந்தது.

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

அந்த பிரிட்ஜில் இருந்தது அந்தத் தெருவின் தோட்டம் முழுவதும். இரண்டு வரிசை வீடுகள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு துண்டு மண். மண் இல்லாதவர்களுக்கு மொட்டைமாடியும் பெயின்ட் வாளியும். கத்தரி, வெண்டை, தக்காளி, அவரை, பூசணி என்று எதைக் காயவைத்தாலும் விதையை அப்பாவிடம் கொண்டுவந்து போட்டுவிடுவார்கள். புதுச் செருப்பு வாங்கினால் பெட்டியில் வருகிற, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் அவரிடம் கொடுப்பார்கள். அதை விதையோடு போட்டு மூடி இறுக்கி வைப்பார். விதைக்கிற காலத்தில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு போனால் அறுவடைக்குப் பிறகு இரண்டு பிடி திருப்ப வேண்டும். அதனால்தான் லிப்ட் ஓட்டிய மனிதருக்குத் தெருவில் 'மேனேஜர்' என்று பட்டப்பெயர். பிரிட்ஜுக்குப் பெயர் பாங்க். அம்மா ஒருநாள் அதில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்ததற்கு, "பாங்க் லாக்கர்ல யாராவது தண்ணிச் சொம்பு வைப்பாங்களா?" என்று இரண்டு நாள் பேசவில்லை.

"விதை செத்துக் கிடக்கலை, தூங்குது," என்பார். "குளுமையா, ஈரமில்லாம இருந்தா நிம்மதியாத் தூங்கும். சூடும் ஈரமும் பட்டா முழிச்சுக்கும். முழிச்சுப் பார்த்து மண்ணு இல்லேன்னா, பாவம், களைச்சுப் போயிடும்." எல்லா விதைக்கும் ஒரே ஆயுள் இல்லை. பூசணி கெட்டிக்காரி, ஐந்தாறு வருஷம் அசரமாட்டாள். கத்தரியும் தக்காளியும் தாக்குப்பிடிக்கும். வெண்டை இரண்டு மூன்று வருஷம். வெங்காயம்தான் சுத்த நோஞ்சான், ஒரு வருஷம் தாண்டினாலே சந்தேகம்.

வெளியே மழை இன்றோ நாளையோ என்று இருந்தது. தெரு முழுக்க மண்ணைக் கொத்திப் போட்டுவிட்டு, மேனேஜர் எழுந்து உட்காரட்டும் என்று காத்திருந்தது. மூன்று வாரக் கோடை வெயிலில் எல்லாவற்றையும் வேகவைத்துவிட்டு அவள் நின்றுகொண்டிருந்தாள்.

தம்பியைக் கூடத்திலிருந்து சைகை காட்டி அழைத்தாள். சின்னவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான். அவள் பிளக்கைக் காட்டினாள். அவன் எதை விற்கப் போனாலும் விற்றுவிட்டு வருகிற ஆள், எதற்கும் ஒரு வழி வைத்திருப்பான்.

"இதுக்கா இப்படி நிக்கிற? இப்ப மாட்டிடு. யாருக்குத் தெரியப் போகுது?"

"விதைக்குத் தெரியுமேடா."

"விதை வந்து சாட்சி சொல்லப் போகுதா?"

"முளைக்காம இருந்தாலே சாட்சிதானேடா."

அவன் குனிந்து பிளக்கை மாட்டினான். பிரிட்ஜ் ஒரு தடவை திடுக்கிட்டு, இருமி, கடகடவென்று ஓட ஆரம்பித்தது. நர்ஸ் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி தன் பையை அடுக்கினாள்.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பெரியவளுக்கு இன்னொன்று உறைத்தது. கட்டிலில் இருந்து கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் பிரிட்ஜ். இதன் மூச்சைக் கேட்டுத்தான் அப்பா தூங்குவார். அது நின்றுபோனது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? தெரிந்திருந்தால் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? கோபமா, சொல்லத் தெம்பு இல்லையா? இரண்டில் எதை நினைத்தாலும் தாங்கவில்லை.

முதலில் வந்தவள் எதிர்வீட்டு டெய்லர். அளவு எடுக்கும் டேப் கழுத்தில் தொங்க, அப்படியே ஓடிவந்திருந்தாள். அப்பாவின் காலைத் தொட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள். பிறகு பெரியவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு காதோடு சொன்னாள்:

"இந்த நேரத்துல கேக்கக் கூடாது. கேட்டா நாக்கு அழுகிடும். என் அவரை விதை உள்ளதானே இருக்கு?"

"இருக்குக்கா."

"எங்கம்மா கொடுத்த விதை. வீட்ல வச்சிருந்ததை எல்லாம் எலி தின்னுடுச்சு. அண்ணன்கிட்ட இருக்கிற அந்த ஒரு பாட்டில்தான் மிச்சம்."

"பத்திரமா இருக்குக்கா," என்றாள் பெரியவள். வாயிலிருந்து அது வந்துவிழுந்த பிறகு அவளால் டெய்லரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்து சலூன்காரர். அவர் பிரிட்ஜைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார். "மேனேஜர் மாதிரி ஒரு மனுஷன் இனி எங்க... பூசணி... சரி, அது கிடக்கட்டும், இப்ப என்ன அவசரம்," என்று தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டார். அதற்குப் பிறகு வந்தவர்களும் துக்கம் விசாரித்துவிட்டு, கண்ணை ஒருமுறை பிரிட்ஜ் பக்கம் ஓட்டிவிட்டுத்தான் நகர்ந்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. வானம் அப்படி மூடிக்கொண்டு நின்றது.

தலைமாட்டில் உட்கார்ந்து அப்பாவின் முடியைச் சீவிக்கொண்டிருந்த அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் அழுது முடித்திருந்தாள். மிச்சம் அழ வேண்டியதைப் பிறகு சாவகாசமாக அழுதுகொள்ளலாம் என்று வைத்துவிட்டவள் மாதிரி இருந்தது முகம்.

"கேளுங்க, தாராளமாக் கேளுங்க," என்றாள் சலூன்காரரிடம். "வட்டி கேக்க ஆளு இல்லை இனிமே."

துக்க வீட்டில் சிரிக்கக் கூடாது என்று நினைத்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். பெரியவள் மட்டும் சிரிக்கவில்லை. அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

வெயில் ஏறுவதற்குள் குளிப்பாட்டி உடை மாற்றிவிடலாம் என்றாள் நர்ஸ். அறையிலிருந்து எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே அம்மா, பெரியவள், சின்னவன், நர்ஸ் என்று நான்கு பேர்தான்.

"படுக்கை நனைஞ்சிருந்தாலும் இருக்கும். விரிப்பு ஒண்ணு எடுத்து வச்சுக்குங்க," என்றாள் நர்ஸ்.

கடைசிப் பத்து நாளில் அது அடிக்கடி நடந்தது. காலையில் இடது பக்கம் விரிப்பு ஈரமாக இருக்கும். "தண்ணி குடிக்கிறப்ப கொட்டிடுச்சும்மா," என்பார் அப்பா. "பரவால்லப்பா," என்று பெரியவள் முகத்தில் எதையும் காட்டாமல் விரிப்பை மாற்றுவாள். வெளுத்த சட்டையில் ஒரு சுருக்கம் இருந்தாலும் ஆபீஸுக்குப் போக மாட்டேன் என்று நின்ற மனிதர். அவர் பொய் சொன்னால் நம்பிவிட வேண்டியதுதான் என்று அவளும் நம்பியதாகக் காட்டிக்கொண்டாள். அவள் அப்படி நடிப்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும் கண்ணை மூடிப் படுத்துக்கொள்வார்.

"இந்தக் கையை இன்னிக்காவது கொடுத்துத்தானே ஆகணும்," என்று முனகிக்கொண்டே நர்ஸ் போர்வையை விலக்கினாள். "பிரஷர் பார்க்க இடது கையைக் கேட்டா எப்பவும் வலது கையைத்தான் நீட்டுவார். குளிருதும்மாம்பார். இந்த வெயில்ல என்ன குளிர்?"

இடது கை விலாவோடு ஒட்டி இருந்தது. விரல்கள் எதையோ சுற்றி மூடியிருந்தன. நர்ஸ் ஒவ்வொரு விரலாக, தூங்குகிற குழந்தையிடமிருந்து பொம்மையை எடுப்பதுபோல விலக்கினாள். உள்ளே ஒரு காலிப் பால் கவர், மடித்து வாய் சுருட்டியது. அதற்குள் ஒரு கைக்குட்டை, ஈரமாக.

"என்னம்மா இது?"

பெரியவளுக்கு அது என்னவென்று தெரியும். அந்த வீட்டில் வளர்ந்த யாருக்கும் தெரியும். விதைக்கு உயிர் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் பத்து விதையை ஈரத் துணியில் பரப்பிச் சுருட்டி, கதகதப்பான இடத்தில் வைத்து, துணி காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எத்தனை முளைக்கிறதோ அதை வைத்து மிச்சத்தின் கதையைச் சொல்லிவிடலாம். அடுப்பு மேடையில் வைத்திருந்த அப்படி ஒரு சுருட்டலை அம்மா எடுத்து மேஜையைத் துடைத்து, அதனால் வந்த சண்டை வீட்டில் பிரசித்தம். அன்றிலிருந்து அவர் அவற்றை ஒளித்துத்தான் வைப்பார்.

ஆனால் இவ்வளவு பக்கத்தில் ஒளித்து வைப்பார் என்று யார் நினைத்தார்கள்?

அவள் ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, மடியில் வைத்துச் சுருட்டலைப் பிரித்தாள். கடைசி மடிப்பைப் பிரிக்குமுன் கை நின்றது. சின்னவன், "பிரிச்சுப் பாருக்கா," என்றான் மெதுவாக.

கறுப்பாக, கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, மூலை மூலையாக இருந்தன. வெங்காய விதை. எல்லாவற்றிலும் நோஞ்சான். ஆறு விதைகளிலிருந்து வெள்ளை நூல் புறப்பட்டு வளைந்திருந்தது. அவற்றில் ஒன்று பச்சையாகவே தலையெடுத்து, கறுப்பு ஓட்டைத் தொப்பி மாதிரி நுனியில் மாட்டிக்கொண்டிருந்தது. நான்கு இன்னும் அப்படியே கிடந்தன.

"இது ஏன் வெங்காயம்? கைக்கு முன்னால அவரை பாட்டில்தானே இருக்கு?" என்றான் சின்னவன்.

"இது பிழைச்சா எல்லாம் பிழைச்சிருக்கும்டா," என்றாள் பெரியவள். சொல்லச் சொல்லவே குரல் உடைந்தது. "அதான். முதல்ல சாகிறது இதுதானே. இதைப் பார்த்துட்டா மத்ததைப் பார்க்கவே வேண்டாம்."

காலையிலிருந்து எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்த அழுகை அப்போதுதான் வந்தது. நன்றாக, சத்தம் போட்டு, மூக்கு ஒழுக அழுதாள். அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிரிட்ஜ் செத்துக் கிடப்பது தெரிந்து, யார் செய்தது என்றும் தெரிந்து, வலது கையால் பாட்டிலை எடுத்து, குடிக்கிற தண்ணீரில் கொஞ்சம் மிச்சம் பிடித்துத் துணியை நனைத்து, பத்து நாளாக உடம்புச் சூட்டில் வைத்துக் காத்திருக்கிறார்.

"தண்ணி கொட்டிடுச்சுன்னுதானேம்மா சொன்னார். நான் நம்பலையே."

அம்மா சீப்பைக் கீழே வைத்தாள்.

"நீ விரிப்பை மாத்திட்டுப் போனதும் நான் கேட்டேன். பொண்ணு வேற என்னமோ நினைச்சுக்கிட்டுப் போறாளே, கூப்பிட்டு நிசமாவே தண்ணிதான்னு சொல்லட்டுமான்னு. 'நினைச்சா நினைச்சுக்கட்டும் விடு'ன்னுட்டார். 'அதுல அவளுக்கு ஒண்ணும் கஷ்டமில்லை'ன்னார். எனக்கு அப்பப் புரியலை. இந்த மனுஷன் வெக்கப்படாம இருக்காரேன்னு ஆச்சரியமா இருந்துச்சு."

பிரிட்ஜ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?" என்றாள் அம்மா. "மோட்டாரைப் பிடுங்கிட்டு இதை மாட்டியிருப்பியா?"

"இன்னொரு ஒயர் இழுத்திருப்பேன்."

"இழுத்துட்டு, அன்னியிலிருந்து இன்னிவரைக்கும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்ப. அதைப் பார்த்துக்கிட்டு அவர் போகணுமா?" அம்மா மறுபடி சீப்பை எடுத்தாள். "முளைச்சதை ஒரு வாய் சொல்லிட்டுப் போயிருக்கலாம். அதுக்குள்ள என்ன அவசரமோ."

கடைசிக்கு முந்தைய நாள் அவர் அந்தக் கையைப் போர்வைக்குள் அசைத்து அசைத்துப் பார்த்து, தனக்குள் சிரித்துக்கொண்டது பெரியவளுக்கு ஞாபகம் வந்தது. ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "சும்மாத்தாம்மா," என்றார். அன்று முளைத்திருக்க வேண்டும். தெரிந்துகொண்டுதான் போயிருக்கிறார்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. வழியிலேயே தூறல் ஆரம்பித்திருந்தது. போன வேகத்தில் எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, ஒவ்வொருவராகத் திரும்பி வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் உட்கார்ந்திருப்பதே கேட்பதைவிடப் பெரிதாகக் கேட்டது. டெய்லர், உட்கார முடியாமல் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள்.

பெரியவள் எழுந்து கூடத்தின் நடுவில் நின்றாள்.

"ஒரு விஷயம் சொல்லணும். பிரிட்ஜ் மூணு வாரமா ஓடலை. நான்தான் தெரியாம பிளக்கைப் பிடுங்கிட்டேன்."

சலூன்காரர் வாயைத் திறந்தார். டெய்லர் கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா வெங்காயத்தைப் போட்டுப் பார்த்திருக்கார்," என்று பெரியவள் அவசரமாகச் சொன்னாள். "பத்துல ஆறு வந்திருக்கு. மூடி இறுக்கமா இருந்ததால தப்பிச்சிருக்கு. உங்களது எல்லாம் நல்லாத்தான் இருக்கும். கொஞ்சம் நெருக்கி விதைங்க, அவ்வளவுதான்."

"வெங்காயமா!" என்றார் சலூன்காரர். "வெங்காயமே வந்துச்சுன்னா என் பூசணிக்கு என்ன கேடு? அது நடனமே ஆடும்."

டெய்லர் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டீ கொதிக்குது," என்று உள்ளே போனாள்.

பெரியவளும் சின்னவனும் பாட்டில்களை எடுத்து வந்து மேஜையில் வைத்தார்கள். காலையிலிருந்து ஓடிய பிரிட்ஜ் மறுபடி ஜில்லென்று ஆகியிருந்தது. வெளிக்காற்று பட்டதும் பாட்டில்கள் வேர்த்தன. சலூன்காரர் தன் பூசணியை அடையாளம் கண்டு மூடியில் கை வைத்தார்.

"திறக்காதீங்க!" பெரியவள் போட்ட சத்தத்தில் அவர் கையை இழுத்துக்கொண்டார். "குளிரோட திறந்தா உள்ளேயும் வேர்த்துடும். அப்புறம் இத்தனை நாள் காப்பாத்தினது வீண். மேல காயட்டும். நாளைக்குக் காலையில வாங்க."

"அப்படியே மேனேஜர் குரல்," என்றார் அவர், முழு திருப்தியோடு.

"வட்டியும் அப்படியேதான். ரெண்டு பிடி," என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

முளைத்த ஆறையும் பெரியவள் ஏற்கெனவே வாசலில் இருந்த பெயின்ட் வாளியில் ஊன்றியிருந்தாள். தூறல் அதற்குப் போதும். மிச்ச நான்கை என்ன செய்வது என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். வெங்காயம் சோம்பேறி, இன்னும் இரண்டு நாள் கொடுத்துப் பார் என்றுதான் அப்பா சொல்லியிருப்பார். கைக்குட்டையை மழையில் நீட்டி நனைத்து, பிழிந்து, நான்கையும் வைத்துச் சுருட்டி, பால் கவருக்குள் போட்டாள்.

பிறகு கூடத்துக்கு வந்து, மற்றவர்களோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஈரக் காற்றுக்குப் போர்வையை இழுத்துத் தோளைச் சுற்றிக்கொண்டாள். டெய்லர் டீ தம்ளர்களைத் தட்டில் கொண்டுவந்து ஒவ்வொருவருக்காகக் கொடுத்தாள். பெரியவள் பக்கம் வந்து, இடப்புறம் நின்று ஒரு தம்ளரை நீட்டினாள்.

பெரியவள் இடது கையைப் போர்வைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, கொஞ்சம் திரும்பி, வலது கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.